உஷார்! உங்கள் ஐசியில் எத்தனை சிம் ஓடுகிறது?

கையில் போன் இருக்கிறதா? வாசிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். #132# என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். உங்கள் ஐசி (அடையாள அட்டை) இலக்கத்தில் எந்தெந்த சிம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு காட்டித் தந்த வழி இது. வீட்டில் இரண்டு மூன்று கம்பனி சிம் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் அடித்துப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரியாத இலக்கம் ஏதும் வருகிறதா?

"நான் ஒரு சிம்தானே வாங்கினனான், எனக்கென்ன பயம்" என்று நினைப்பீர்கள். வலிகாமத்தில் ஓரூரில் இருக்கிற ஓர் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு. பெரிய வீட்டில் தனியாள். கோயில் திருவிழா நேரம் வீதியோரத்தில் குடை விரித்து, பாட்டுப் போட்டு, ஒரே நிற ரீசேட் போட்ட பொடியன்கள் சிம் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். சிம் இலவசம், டேற்றா இலவசம். கையில் ஒரு விசிறியும் தருவார்கள்.

"அன்ரி, ஐசியை ஒருக்காத் தாங்கோ. ரெண்டு நிமிச வேலை."

கொடுத்தார். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். பிறகு முகத்துக்கு நேரே போனைப் பிடித்து ஒரு படம். "வெளிச்சம் காணாது அன்ரி, இன்னொருக்கா." கண்ணாடித் திரையில் விரலால் ஒரு கையெழுத்து. "வடிவா விழேல்லை, இன்னொருக்கா." அவருடைய பழைய போனுக்கு ஓர் இலக்கம் வந்தது. "அதை வாசியுங்கோ." வாசித்தார். சற்று நேரத்தில் இன்னோர் இலக்கம். அதையும் வாசித்தார்.

பொடியன் மரியாதையானவன். பையைக்கூடத் தூக்கிக் கொடுத்தான்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வீட்டு இணையத்துக்கான ரவுட்டர் ஒன்று, மாதக் கட்டண இணைப்பு, நிலுவை இவ்வளவு. அம்மா வீட்டில் ரவுட்டர் இல்லை. ஏதோ விளம்பரம் என்று கடிதத்தை அலுமாரிக்குள் வைத்தார். அடுத்த கடிதம் சட்டத்தரணியிடமிருந்து வந்தது. பயந்துபோய் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டியது. அம்மாவின் ஐசி. அம்மாவின் முகம். அம்மாவின் கையெழுத்து. அம்மா வாசித்துச் சொன்ன இலக்கம்.

"எல்லாம் உங்கடைதானே அம்மா?"

என்ன பதில் சொல்வது? எல்லாம் அவருடையதுதான். அந்த ரவுட்டர் மட்டும் யாரோ ஒருவர் வீட்டில்.

அவருக்கு வந்தது பில்லோடு போயிற்று. பொலிஸ் வந்திருந்தால்? 2024 ஜூனில் மடிவெல, பத்தரமுல்ல, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் இணைய மோசடிக் கூட்டமொன்றைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வளைத்துப் பிடித்தது நினைவிருக்கும். கைதானவர்கள் 60 இந்தியர்கள். கைப்பற்றப்பட்டவை 135 கைத்தொலைபேசிகள், 57 மடிக்கணினிகள். இப்படித் தொழில் நடத்துகிறவன் தன் சொந்தப் பெயரில் சிம் வாங்குவானா? வேறொருவர் பெயரிலுள்ள சிம்தான் அவனுக்கு முதல் தேவை. விசாரணை தொடங்கினால் முதலில் தட்டப்படுவது பதிவிலிருக்கும் பெயர்க்காரரின் கதவு.

யுத்த காலத்தில் இந்த விஷயம் யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. மற்றவர் பேரிலுள்ள சிம்மைச் சோதனைச் சாவடி வழியாகக் கொண்டுபோக யாருக்குத் துணிவிருந்தது? என் பேரிலுள்ள சிம்மை இன்னொருவருக்குக் கொடுப்பதா என்று நடுங்கிய ஊர் இது. சாவடி போனது. அந்தப் பயமும் போய்விட்டது. பயம் போனது நல்லது. கவனமும் சேர்ந்து போனதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது விற்பனை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்.

முன்பெல்லாம் சிம் வாங்கப் படிவம் நிரப்பினோம். ஐசியின் போட்டோக்கொப்பி கொடுத்தோம். கடைக்காரர் அதைக் கட்டி அனுப்ப, அங்கே ஒருவர் பார்த்துப் பதிந்து, பிறகுதான் இணைப்பு வேலை செய்யும். இடையில் இரண்டு மூன்று கண் பட்டது. ஒரே நாளில் ஒரே கையெழுத்தில் ஐந்து படிவம் வந்தால் யாராவது ஒருவர் நெற்றியைச் சுருக்குவார்.

இன்று அந்தக் கண்கள் இல்லை. விற்பவரின் போனிலேயே விற்பனை மென்பொருள் இருக்கிறது. அதன் மூளை கிளவுட்டில், அதாவது எங்கோ தொலைவில் யாரோ ஒருவரின் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த கணினிகளில் இருக்கிறது. ஐசியைப் படமெடுத்தவுடன் பெயரும் இலக்கமும் தாமாக நிரம்பும். முகப்படமும் ஐசிப் படமும் ஒத்துப்போகிறதா என்று மென்பொருளே பார்க்கும். கையெழுத்து விழுந்ததும் இணைப்பு உயிர்பெறும். தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

உலகமெங்கும் தொலைத்தொடர்புக் கம்பனிகள் இந்தப் பாதையில்தான் போகின்றன. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி 2020இல் விலோசிட்டி என்ற இன்னொரு கம்பனியை வாங்கியது. தொலைபேசி இணைப்பு விற்பவர்களுக்கென்றே 'கொமியூனிகேஷன்ஸ் கிளவுட்' என்ற பெயரில் மென்பொருளை வெளியிட்டது. 2024இல் 'ஏஜென்ட்ஃபோர்ஸ்' என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு விற்பனையாளரையும் இறக்கியது. இப்படிப் பல கம்பனிகள், பல மென்பொருட்கள். புதுப் புது வசதிகள். யாருக்கு வசதி என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

முதலாவது, பொதி. சிம், ரவுட்டர், ரீவி, மேலதிக டேற்றா என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு ஒரே கையெழுத்தில் விற்கலாம். நீங்கள் கேட்டது ஒன்று. திரையில் சரி அடையாளம் விழுந்திருப்பது மூன்று. சின்னத் திரை, சின்ன எழுத்து, வெயில் வேறு. யார் வாசிப்பார்?

அடுத்தது, மென்பொருள் விற்பவருக்கு ஓதும் மந்திரம். உங்கள் டேற்றா எந்தத் தேதியில் முடிகிறது, எப்போது ரீலோட் போடுகிறீர்கள், எந்த நாட்டுக்கு அழைக்கிறீர்கள் என்பதெல்லாம் கணக்கில் எடுத்து, 'இவருக்கு இதையும் விற்கலாம்' என்று அது சொல்லிக் கொடுக்கும். "அன்ரி, கனடாவுக்குக் கூட எடுக்கிறனீங்கள்போல" என்று அந்தப் பொடியன் கேட்டால் அவன் சாத்திரக்காரன் அல்ல. திரையில் பார்த்துவிட்டுக் கேட்கிறான்.

பிறகு தானியங்கிப் புதுப்பிப்பு. முதல் மாதம் இலவசம். இரண்டாம் மாதத்திலிருந்து காசு. சேர்வதற்கு ஒரு தட்டு. விலகுவதற்கு? மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. ராசிபலன், கிரிக்கெட் செய்தி, அழைப்புப் பாட்டு என்று நாளாந்தம் கரைகிற ரீலோட் எல்லாம் இப்படித் தொடங்கியவைதான்.

கடைசியாக ஈசிம். இதுதான் எனக்குக் கூடப் பயம். பிளாஸ்ரிக் அட்டையே இல்லை. ஒரு கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்தால் இணைப்பு இன்னொரு போனுக்குள் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் உங்கள் இலக்கத்துக்கான குறியீடு இன்னொருவன் கையில் கிடைத்தால், அவன் உங்கள் வீட்டுப் படலையைக்கூடத் தொடவேண்டாம். உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய இலக்கம், அவன் போனில் அடிக்கும்.

ஏழைநாட்டுப் பிரச்சினை, இங்கேதான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். ஜேர்மனியில் இருக்கிற உங்கள் சொந்தக்காரரிடம் கேளுங்கள். 2025 ஜூனில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வொடபோன் கம்பனிக்கு 4.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதில் 1.5 கோடி எதற்குத் தெரியுமா? வொடபோனுக்காக இணைப்பு விற்றுக் கொடுக்கிற முகவர் நிலையங்களில் சில ஊழியர்கள் இல்லாத ஒப்பந்தங்களை உருவாக்கியிருக்கிறார்கள். இருந்த ஒப்பந்தங்களை வாடிக்கையாளருக்கு நட்டம் வருகிற மாதிரி மாற்றியும் இருக்கிறார்கள். முகவர்களைக் கம்பனி சரியாகக் கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. மிச்சம் 3 கோடி, வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் முறையில் இருந்த ஓட்டைக்கு. இணையக் கணக்கையும் தொலைபேசி உதவிச் சேவையையும் சேர்த்துப் பயன்படுத்தினால், சம்பந்தமில்லாத ஒருவர் மற்றவருடைய ஈசிம்மை எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருந்திருக்கிறது.

சட்டம், ஒழுங்கு, கடிதத்துக்குக் கடிதம் என்று வாழ்கிற ஜேர்மனியிலேயே இப்படி. திருவிழாக் குடைக்குக் கீழே?

விற்கிற பிள்ளைகள் எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. வேலை கிடைக்காமல் வெயிலில் நிற்கிற பிள்ளைகள். மாதம் இத்தனை இணைப்பு விற்கவேண்டும் என்று மேலே இருந்து நெருக்குவார்கள். கொமிஷன் இணைப்புக் கணக்கில்தான். 'இலக்கு' முடிய இன்னும் கொஞ்சம் குறைகிறது, மாதக் கடைசி, முன்னால் ஒரு வயதான அம்மா, அவர் கையில் ஐசி. அந்தத் தருணத்தில் தடுக்க முன்பு ஒரு படிவமும் ஒரு மேலதிகாரியும் இருந்தார்கள். இன்று தடுக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர் மட்டுமே.

இன்னொன்று. உங்கள் ஐசிப் படமும் முகமும் கையெழுத்தும் விற்பனை முடிந்ததோடு அழிந்துபோவதில்லை. அவை கிளவுட்டில் கிடக்கும். கிளவுட் பாதுகாப்பானது என்பார்கள். 2023இல் எங்கள் அரசாங்கத்தின் கிளவுட்டைப் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) தாக்கியதில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. அமைச்சரவை அலுவலகத்தினதும் சேர்த்து ஏறக்குறைய 5,000 முகவரிகள். அந்தக் காலத்துக்கான மாற்றுப் பிரதிகூட மிஞ்சவில்லை.

அவுஸ்திரேலியாவில் 2022 செப்ரெம்பரில் ஒப்டஸ் கம்பனியிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேரின் விவரம் திருட்டுப் போனது. சிட்னி, மெல்பேண் தமிழர்கள் பலர் சாரதி அனுமதிப்பத்திரத்தை மாற்ற ஓடித் திரிந்த காலம் அது. அந்தக் கம்பனியை விட்டு எப்போதோ விலகியவர்களின் விவரமும் அதில் இருந்தது. 2018இல் நிரலில் நேர்ந்த ஒரு பிழைதான் காரணம் என்கிறது அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பு. 2021இல் அதே பிழையை ஓரிடத்தில் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார்கள். மற்ற வாசலைப் பார்க்கவில்லை.

மென்பொருள் பிழையில்லாமல் இருந்தாலும் மனிதர் ஏமாறுவார்கள். 2025இல் ஒரு கும்பல், சேல்ஸ்ஃபோர்ஸ் பாவிக்கிற கம்பனிகளின் ஊழியர்களுக்குத் தொலைபேசி எடுத்து, "கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறோம், இந்த எட்டு இலக்கத்தை அடியுங்கள்" என்றது. அடித்தார்கள். வாடிக்கையாளர் விவரம் போனது. ஜூனில் இதைப் பற்றி உலகத்தை எச்சரித்தது கூகிள். ஓகஸ்டில் அதே வலையில் தானும் அகப்பட்டதாகக் கூகிளே ஒப்புக்கொண்டது. படித்து, பயிற்சி பெற்று, ஏசி அறையில் இருக்கிறவர்களே எட்டு இலக்கத்தை அடித்துக் கொடுக்கிறார்கள். "ஓடிபியை வாசியுங்கோ அன்ரி" என்றால் எங்கள் அம்மாமார் என்ன செய்வார்கள்?

இனி எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு வருவோம். இங்கே ஐசியைக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறோம். லீசிங், நகை அடகு, அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு, கணினி வகுப்பு. போட்டோக்கொப்பிக் கடையில் பிழையாக விழுந்த பிரதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். வட்ஸ்அப்பில் ஐசியின் இரண்டு பக்கத்தையும் அனுப்புகிறோம். அதைப் பெற்றவர் அழித்தாரா என்று கேட்டோமா?

நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் இன்னொன்று. கனடாவிலிருந்து மருமகன், சுவிஸிலிருந்து தங்கச்சி குடும்பம். "அவையள் நிக்குமட்டும் பாவிக்கட்டும்" என்று எங்கள் ஐசியில் சிம் வாங்கிக் கொடுக்கிறோம். போகும்போது அந்த சிம்மை ஓட்டோக்காரத் தம்பிக்கோ, வேலைக்கு வந்த பிள்ளைக்கோ கொடுத்துவிட்டுப் பறக்கிறார்கள். இந்த அன்பு ஆபத்தானது, பிள்ளையள். அந்த சிம்மில் இனி நடப்பதெல்லாம் உங்கள் கணக்கில்.

செத்தவர் பேரிலுள்ள சிம்மும் அப்படித்தான். எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் முறையாகச் செய்கிற நாங்கள், ஐயாவின் சிம்மை நிறுத்துவதை மறந்துவிடுகிறோம். பாவிக்காமல் விட்டால் கம்பனி அந்த இலக்கத்தை வேறொருவருக்கு விற்றுவிடக்கூடும். ஐயாவின் வங்கிக் கணக்கு அதே இலக்கத்தோடு இணைந்திருந்தால், வங்கிச் செய்தி யாருக்குப் போகும்? வெளிநாடு போய் இங்கத்தைய சிம்மைக் கைவிட்டவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து வரும்போது சும்மா வராது. அறிகுறி காட்டும். பார்க்கத் தெரியவேண்டும்.

நீங்கள் எதுவும் செய்யவில்லை. ஓடிபி வருகிறது. யாரோ உங்கள் பேரில் எதையோ தொடங்குகிறார்கள்!

போனில் சிக்னல் திடீரெனப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் அதே கம்பனி சிம்முக்குச் சிக்னல் இருக்கிறது. கோபுரம் பழுது என்று படுத்துவிடாதீர்கள். உங்கள் இலக்கத்துக்கு வேறு சிம் எடுக்கப்பட்டிருக்கலாம். இன்னொருவர் போனை வாங்கி முதலில் வங்கிக்கு எடுங்கள், கணக்கை நிறுத்துங்கள். பிறகுதான் தொலைபேசிக் கம்பனி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வரிசையில் நிற்கிற நேரத்தில் காசைத் தொலைக்கிறார்கள்.

"புதிய இணைப்புக்கு நன்றி" என்று குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் வரும், சிங்களத்தில் வரும். விளங்கவில்லை என்று அழிக்காதீர்கள்! பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டுங்கள். செய்திகளைத் தமிழில் அனுப்பும்படி கம்பனியிடம் கேளுங்கள்.

ரீலோட் போட்ட காசு, அழைப்பு எடுக்காமலே குறைகிறது.

சிம் விற்கிறவர் உங்கள் ஐசியை வட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்புகிறார். "அண்ணை அங்கையிருந்து அக்டிவேற் பண்ணுவார்" என்கிறார். ஐசியைத் திருப்பி வாங்குங்கள். வந்த வழியே நடையைக் கட்டுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அறிகுறி, "சரிவரேல்லை, இன்னொருக்கா." ஒரு சிம்முக்கு ஒரு கையெழுத்து. ஒரு சிம்முக்கு ஓர் ஓடிபி. இரண்டாவது கேட்டால், முதலாவது ஏன் சரிவரவில்லை என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பின்னால் ஆள் நின்றால் நிற்கட்டும். ஓடிபியை வாசிக்க முன்பு அந்தச் செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதற்கான இலக்கம் என்று பல செய்திகளில் எழுதியே இருக்கும்.

ஐசிப் பிரதி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அதன் குறுக்கே பேனாவால் எழுதுங்கள். எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி. படத்துக்கும் இலக்கத்துக்கும் மேலே கோடு ஓடவேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

இனி #132# அடித்து, தெரியாத இலக்கம் கண்டவர்களுக்கு. போனில் முறையிட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். கம்பனியின் கிளைக்கு ஐசியோடு நேரில் போங்கள். அந்த இணைப்பு என்னுடையதல்ல, துண்டியுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். பிரதியில் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். அந்த இணைப்பு எந்த நாளில், எந்த முகவரின் கணக்கிலிருந்து, எந்த இடத்தில் தொடங்கப்பட்டது என்று கேளுங்கள். கிளவுட் மென்பொருளால் நமக்கிருக்கிற ஒரே நன்மை இதுதான். யார் எப்போது எதைத் தட்டினார் என்ற கணக்கு அதில் பதிவாகும். ஒரே முகவரின் கணக்கில், ஒரே முகப்படத்தோடு, நிமிட இடைவெளியில் இரண்டு இணைப்பு விழுந்திருந்தால் அது உங்களுக்குச் சாட்சி. கிளையில் இருக்கிற பிள்ளை "அதெல்லாம் காட்ட ஏலாது" என்று சொல்லும். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தரவேண்டிய நிலை வரும்.

பதில் வராவிட்டால் 1900. அது ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இலக்கம். கணக்குத் திருட்டு, போலிச் செய்தி போன்றவற்றுக்கு 101, இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணி. காசு போயிருந்தால், அல்லது உங்கள் பேரிலுள்ள சிம்மால் இன்னொருவர் ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால், பொலிஸ் உங்களைத் தேடி வரும்வரை காத்திருக்கவேண்டாம். நீங்களே முதலில் போய் முறைப்பாடு பதியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். ஆகவே அந்தச் சட்டம் வந்து காப்பாற்றும் என்று முறைப்பாட்டைப் பிற்போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுக்கும்போது, #132# அடிக்கச் சொல்லி, வருகிறதைக் கமராவுக்குக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவின் பேரில் நீங்கள் வாங்கிப் பாவித்துவிட்டுப் போன சிம் அதில் இருந்தால், அதை நிறுத்தவேண்டியது நீங்கள்தான். அது யாரிடம் இருக்கிறது என்பது அம்மாவுக்குத் தெரியாது.